நுண்பாசியின் நிறமும் ஹலாலின் வழித்தடமும்

ஹலால் என்ற அரபுச் சொல் 'அனுமதிக்கப்பட்டது' என்று பொருள்படும். தென்னிந்தியாவில் அச்சொல் இறைச்சிக் கடையின் பெயர்ப்பலகையோடு ஒட்டிக்கொண்டே நினைவுக்கு வருவதால், நீரில் மிதக்கும் பாசியின் நிறத்துக்கும் அதற்கும் என்ன உறவு என்று கேட்பவர் உண்டு. கேள்வி நியாயமானதே, ஏனெனில் விலக்கு என்று சான்று காட்டப்படாத பொருள் எதுவும் அனுமதிக்கப்பட்டதே என்பது இஸ்லாமியச் சட்டவியலின் அடிப்படை நெறியாகும், தாவரம் என்று வந்துவிட்டால், போதை தருவனவும் உடலுக்குக் கேடு செய்வனவும் தவிர ஏனையவை உண்ணத்தக்கவையே. பன்னாட்டு உணவு நெறிமுறை ஆணையமான கோடெக்ஸ் 1997இல் வகுத்த ஹலால் வழிகாட்டு நெறிகளும் இதையே சொல்வதோடு, பதப்படுத்தும்போது நஞ்சை நீக்கிவிட முடியுமானால் அத்தகைய செடிகளுக்கும் இடம் தருகின்றன. அப்படியிருக்க, பாசியிலிருந்து எடுத்த நிறமிக்கு ஹலால் சான்று எதற்கு? பாசி பிறப்பால் ஹலால்தான் என்பதும், தொட்டியில் அதற்கு இடும் ஊட்டம், அதன் உயிரணுவிலிருந்து நிறத்தைப் பிரிக்கும் கரைப்பான், பிரித்ததைப் பொதிந்து வைக்கும் உறை ஆகிய வழித்துணைகளைப் பற்றியே கேள்வி எழுகிறது என்பதும் இவ்வுரையின் வாதம்.

நுண்பாசி என்பது நுண்ணோக்கியின் துணையின்றித் தனித்தனியாகக் காண முடியாத, ஒளியைக் கொண்டு தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும் நீர்வாழ் உயிரிகளுக்கு இட்ட பொதுப்பெயர். சுருள்பாசி என்று தமிழில் வழங்கும் ஸ்பைருலினா, கறாராகச் சொன்னால் பாசியே அன்று. அது ஆர்த்ரோஸ்பைரா என்னும் பாக்டீரியப் பேரினம். ஆனால் சட்டவியலாளர் உயிரியலாரின் வகைப்பாட்டைப் பார்ப்பதில்லை. போதை உண்டா, நஞ்சு உண்டா, அசுத்தம் கலந்ததா என்பனவே அவர்தம் வினாக்களாதலால், பெயர் மாறியதால் தீர்ப்பு மாறுவதில்லை. இவ்வுயிரிகளின் நிறமிகள் மூன்று குடும்பங்களாக அமைகின்றன: பச்சையம், எண்ணெயில் கரையும் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு நிறக் கரோட்டினாய்டுகள், நீரில் கரையும் புரதத்தோடு பிணைந்து நீலமும் இளஞ்சிவப்பும் காட்டும் பைக்கோபிலிப்புரதங்கள். உடலின் இயக்கத்தில் தாமாகவே ஏதேனும் விளைவை உண்டாக்கும் சேர்மங்களை உயிர்ச்செயல் பொருள்கள் என்பர். இந்நிறமிகளில் பல அவ்வகையின என்று கருதப்படுவதாலேயே வெறும் சாயம் என்ற நிலையைக் கடந்து மருந்துக் கடைகளின் அலமாரிக்கு வந்துள்ளன.

திருவனந்தபுரத்துக்கு இந்த நிறமிகளோடு உள்ள தொடர்பை 2001ஆம் ஆண்டின் செம்மழை நினைவூட்டும். அவ்வாண்டு சூலை 25 முதல் கோட்டயம் மாவட்டத்தின் சங்கனாச்சேரிப் பகுதியிலும் பிற இடங்களிலும் சிவந்த மழை விட்டுவிட்டுப் பெய்தபோது, வானில் வெடித்துச் சிதறிய எரிகல்லின் தூசியே அது என்று முதலில் ஐயுற்ற ஆக்குளம் புவி அறிவியல் ஆய்வு மையம், மழைநீரில் மிதந்தவை தூசி அல்ல, உயிரணுக்கள் என்று கண்டதும் மாதிரியைப் பாலோடு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்காவுக்கு அனுப்பியது. இரண்டுமே திருவனந்தபுரம் மாவட்டத்து நிறுவனங்கள். வித்துகளை ஊடகத்தில் வளர்த்துப் பார்த்து, மரப்பட்டையிலும் பாறையிலும் கற்பாசியோடு கூடி வாழும் டிரென்டிபோலியா என்னும் பாசியின் வித்துகளே அவை என்று அவ்வாண்டு நவம்பரில் அறிக்கை தரப்பட்டது. வேற்றுலக உயிர் என்ற கோட்பாடு பின்னரும் சில காலம் உலவி இதழ்களில் புகழ் பெற்றது என்பது வேறு கதை. பச்சைப்பாசி இனத்தைச் சேர்ந்த டிரென்டிபோலியா செம்மஞ்சளாகத் தோன்றக் காரணம், அதன் உயிரணுவுக்குள் எண்ணெய்த் துளிகளில் கரைந்து திரண்டிருக்கும் பீட்டா கரோட்டின் ஆகும். கேரள மழைக்காலத்து மதில்களில் படரும் செம்மஞ்சள் திட்டும் பெரும்பாலும் இவ்வினத்தின் வேலைதான்.

பாசி ஏன் இந்த நிறத்தைச் சேமிக்கிறது என்பதை உப்பளம் இன்னும் தெளிவாகக் காட்டும். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்து பின்னர் தமிழ்நாட்டோடு இணைந்த கன்னியாகுமரிப் பகுதியின் புத்தளம், சாமிதோப்பு உப்பளங்களானாலும் தூத்துக்குடி அளங்களானாலும், நீர் வற்ற வற்றக் கடைசிப் பாத்திகள் செம்மை ஏறுவதை அளத்தில் வேலை செய்வோர் அறிவர். அச்செம்மையில் உப்பை விரும்பும் நுண்ணுயிர்களுக்குப் பங்குண்டு. டூனாலியெல்லா சலினா என்னும் பாசிக்கும் பங்குண்டு. கெட்டியான செல்சுவர் இல்லாத இப்பாசி, உப்பும் வெயிலும் மிகுந்து உணவு குறையும்போது பிளவுபட்டுப் பெருகுவதை நிறுத்தி, தன் உலர் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூடப் பீட்டா கரோட்டினைச் சேர்த்துக்கொண்டு அதையே வெயில்திரையாக்கிக்கொள்கிறது. நிறமி பாசிக்கு அழகு அல்ல, தற்காப்பு. வளர்ப்போரும் அதனால்தான் முதலில் பாசியை ஊட்டி வளர்த்து, பிறகு வேண்டுமென்றே வருத்துகின்றனர்.

இனி உணவு. ஸ்பைருலினாவை உண்ணும் மரபு இன்றளவும் அறுபடாமல் தொடரும் இடம் ஆப்பிரிக்காவின் சாடு ஏரிக்கரை. அங்கு வாழும் கனெம்பு மக்கள் முஸ்லிம்கள். கொசோரோம் முதலான உவர்க்குட்டைகளில் இறங்கிப் பெண்கள் அள்ளும் பசும்படலத்தை மணலில் வடித்துக் காயவைத்துச் சதுரத் துண்டுகளாக்கி, 'திஹே' என்று பெயரிட்டுக் குழம்பில் சேர்க்கின்றனர். 1940இல் பிரெஞ்சுப் பாசியியலாளர் தாங்ஷார் இதைப் பதிவு செய்தும் எவரும் கவனிக்கவில்லை. 1960களில் பெல்ஜியத் தாவரவியலாளர் லெயோனார் மறுபடியும் கண்ட பின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது. ஸ்பைருலினா ஹலாலா என்று இன்று ஐயுறுவோர் இந்த வழக்கத்தை எண்ணிப்பார்க்கலாம்; கனெம்புப் பெண்கள் சான்றிதழ் கேட்டுக் காத்திருக்கவில்லை.

தமிழ்நாட்டில் ஸ்பைருலினா பரவிய முறையோ, ஹலால் நோக்கில், சாடு ஏரியில் எழாத ஒரு கேள்வியை எழுப்புகிறது. சென்னை முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையத்தில் சி.வி. சேஷாத்ரி 1970களின் பிற்பகுதியில் தொடங்கிய பணி, ஆய்வுக்கூடப் பாசியைக் கிராமத்து வாசலுக்குக் கொண்டுபோனது. வாய்வரை மண்ணில் புதைத்த மண்பானை, அதில் தண்ணீர், விதைப்பாசி, சாண எரிவாயுக் கலனிலிருந்து வெளிவரும் கரைசல் நூற்றுக்கு 2 முதல் 3 பங்கு, கொஞ்சம் கடலுப்பு, சமையல் சோடா: இவ்வளவே முதலீடு. நாளுக்கு மூன்று நான்கு முறை கலக்கிவிட்டால் சில நாட்களில் நீர் கரும்பச்சையாகும். அதைத் துணியில் வடித்துக் கழுவி, மாவோடு பிசைந்துவிடலாம். பாரிசில் சாருக் என்பவர் 1966இல் வகுத்த ஊடகம் லிட்டருக்கு 16.8 கிராம் சோடியம் பைகார்பனேட் கேட்கும். ஏழை வீட்டுக்கு அது கட்டுப்படியாகாது என்பதால் சாணக் கரைசல் வந்தது. கேரள முஸ்லிம்களில் பெரும்பான்மையோரும் தமிழகக் கடற்கரை மரைக்காயர்களும் பின்பற்றும் ஷாஃபிஈ சட்டமரபில் உண்ணத்தக்க விலங்கின் சாணமும் நஜீஸ், அதாவது சமயநெறிப்படி அசுத்தம். அது புளித்து வாயு பிரிந்த பின்னும் அசுத்தமாகவே எஞ்சும். எருவிட்ட நிலத்தில் விளைந்த கீரையை உண்ணலாம், ஆனால் எரு பட்ட இடத்தைக் கழுவ வேண்டும் என்பது அம்மரபின் விதி.

சிக்கல் என்னவென்றால், கீரையின் வேர் மட்டுமே எருவில் நிற்கிறது. சுருள்பாசியோ தலைமுதல் கால்வரை அதிலேயே மூழ்கிக் கிடக்கிறது. ஆகவே எந்தக் கீரையைவிடவும் இதற்குக் கழுவுதல் முதன்மையானது. விந்தை என்னவென்றால், சமயநெறி கேட்கும் அதே கழுவலைத் தொழில்நுட்பமும் கேட்கிறது. வடித்த பாசியை நல்ல நீரில் மீண்டும் மீண்டும் அலசிக் கார உப்பைப் போக்காவிட்டால் பொடி கரிக்கும், சாம்பல் அளவு கூடித் தரம் தாழும். புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் இதே முருகப்பக் குழுமத்தின் பாரி நியூட்ராசூட்டிக்கல்ஸ் 100 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் ஸ்பைருலினா வளர்க்கிறது. இத்தகைய பெரும்பண்ணைகளில், துடுப்புச் சக்கரம் இடைவிடாது நீரைச் சுழற்றும் நீள்வட்டத் தொட்டிகளும் தாது உப்பு ஊட்டமும் வந்துவிட்டதால் சாணக் கேள்வி எழுவதில்லை. சிறு பண்ணைகளில் எழும். ஹலால் சந்தையை நாடும் சிறு வளர்ப்பாளர் தொட்டியில் என்ன ஊற்றினார் என்பதை நாள்தோறும் எழுதிவைப்பது, பிற்பாடு எந்த ஆய்வகச் சோதனையாலும் ஈடுசெய்ய முடியாத சான்றாகும்.

நிறமிகளில் வழித்துணை மிகக் குறைந்தது நீலம். ஸ்பைருலினாப் பொடியைத் தண்ணீரில் இட்டு ஓர் இரவு குளிரில் வைத்தால், காலையில் மேலே தெளிந்து நிற்கும் நீர் நீலமாக இருக்கும். வெயிலில் பக்கவாட்டில் பார்த்தால் அதே நீலம் சிவப்பாக மினுங்கும். இதுவே பைக்கோசயனின். 620 நானோமீட்டர் அலைநீளத்துச் செம்மஞ்சள் ஒளியை உறிஞ்சி எஞ்சிய நீலத்தைக் கண்ணுக்குத் தருவதும், உறிஞ்சியதில் ஒரு பகுதியைச் சிவப்பொளியாக உமிழ்வதும் அதன் இயல்பு. 620இல் உறிஞ்சும் அளவை 280இல் உறிஞ்சும் அளவால் வகுத்து வரும் எண் 0.7ஐ எட்டினால் உணவுத் தரம் என்பது தொழிலில் வழங்கும் கணக்கு. இதைப் பிரிக்க மதுசாரமோ விலங்குப் பொருளோ தேவையில்லை, நீர் போதும். உண்ணத்தக்க இயற்கை நீலம் அரிது என்பதால் 2013இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மிட்டாய்க்கும் மெல்லும் கோந்துக்கும் ஸ்பைருலினாச் சாற்றை அனுமதித்தது பெரும் வாயிலைத் திறந்தது. கேரளத்து வேலிகளில் படரும் சங்குப்பூவின் சாறு அவ்வரிசையில் 2021இல்தான் சேர்ந்தது. ஆயினும் நீலத்துக்கு ஒரு பெருங்குறை உண்டு. அது புரதமாதலால் 45 பாகை செல்சியசைத் தாண்டினால் குலையத் தொடங்கும். புளிப்பு மிகுந்தால் திரியும். கொதிக்கும் பாயசத்தில் இட்டால் நீலம் வெளிறிச் சாம்பலாகும். ஐஸ்கிரீமுக்கும் ஆறிய பின் பூசும் இனிப்புக்கும் ஏற்றது; அல்வா வாணலிக்கு ஏற்றதன்று.

சிவப்பின் கதை இவ்வளவு எளிதன்று. உணவுத் தொழில் நெடுங்காலமாக நம்பியிருக்கும் சிவப்பு கார்மைன். இ 120 என்ற எண்ணோடு பொட்டலங்களில் இடம்பெறும் அது, கள்ளியில் வாழும் கொச்சினீல் என்னும் பூச்சியை உலர்த்தி அரைத்து எடுப்பது. பூச்சி உண்ணத்தக்கதன்று என்பது ஹனஃபி, ஷாஃபிஈ மரபுகளின் பொதுக்கருத்து. ஆனால் இந்தோனேசிய உலமா மன்றம் 2011இல் கொச்சினீல் சாயத்துக்கு அனுமதி தந்தது. ஒரே பொட்டலம் ஒரு நாட்டில் ஹலாலாகவும் மற்றொரு நாட்டில் மறுப்புக்கு உரியதாகவும் நிற்கும் இந்நிலையில், பாசிச்சிவப்பு வந்து கார்மைனின் இடத்தை நிரப்பும் என்ற பேச்சு அடிக்கடி கேட்கிறது. அப்பேச்சு அவசரப்பட்டது. பாசிச்சிவப்புகளில் புகழ்பெற்ற அஸ்டாசாந்தின் எண்ணெயில் கரைவது, செம்மஞ்சள் சாயல் கொண்டது. கார்மைனோ நீரில் கரைந்து இளஞ்சிவப்புத் தந்து சூட்டையும் தாங்குவது. சாயலில் நெருங்கி வரும் போர்ஃபிரிடியம் பாசியின் பைக்கோஎரித்ரின், நீலத்தைப் போலவே புரதம், சூட்டுக்கு அஞ்சுவது. அஸ்டாசாந்தினின் மதிப்பு சாயத்தில் இல்லை. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் அதன் ஆற்றலில் இருக்கிறது.

அந்த அஸ்டாசாந்தின் இறாலின் ஓட்டிலும் உண்டு. உயிருள்ள இறாலின் ஓட்டில் அது ஒரு புரதத்தோடு பிணைந்து மறைந்திருக்கும். வேகவைத்ததும் புரதம் பிடி தளர, சிவப்பு வெளிப்படும். அச்சிவப்பும் பாசியில் தொடங்கும் உணவுச் சங்கிலி வழியே இறாலுக்கு வந்ததுதான். இறால் ஏற்றுமதியில் ஓடு மலையாகக் குவியும் கேரளத்தில் அதிலிருந்தே அஸ்டாசாந்தின் எடுக்கலாமே என்று தோன்றும். ஷாஃபிஈ மரபில் தடையில்லை. ஹனஃபி மரபிலோ கடல்வாழ் உயிர்களில் மீன் மட்டுமே உண்ணத்தக்கது, இறால் மீனா இல்லையா என்பதில் அறிஞரிடையே நெடிய வாதம் உண்டு; தமிழ்நாட்டின் உட்பகுதி ராவுத்தர்களும் வடஇந்திய முஸ்லிம்களில் பெரும்பான்மையோரும் ஹனஃபிகள். ஹீமட்டோகாக்கஸ் என்னும் நன்னீர்ப் பாசியிலிருந்து எடுத்தால் அவ்வாதத்துக்கே இடமில்லை. பச்சையாக நீந்தித் திரியும் அது, நைட்ரஜன் குறைந்து ஒளி மிகுந்தவுடன் கசையிழைகளை உதிர்த்து, தடித்த உறைக்குள் உருண்டு, உலர் எடையில் நூற்றுக்கு 4 பங்கு வரை அஸ்டாசாந்தினைத் திரட்டிச் சிவந்து கிடக்கும். அந்த உறை கல்போல் இறுகியது. உடைத்தாக வேண்டும், உடைத்தபின் கரைத்தாக வேண்டும்.

கரைப்பானில்தான் எத்தனால், அதாவது மதுசாரம், வந்து சேர்கிறது. போதை தரும் எதுவும் கம்ர் என்னும் மதுவே என்பது ஷாஃபிஈ மரபு. திராட்சையிலும் பேரீச்சையிலும் இருந்து எடுத்ததற்கும் பிறவற்றுக்கும் வேறுபாடு காண்பது அபூ ஹனீஃபாவின் பழைய கருத்து. இந்தியாவில் தொழிற்சாலை எத்தனால் நெடுங்காலம் பெருமளவு கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வந்ததால், இரண்டாம் கருத்தினருக்கு அது எளிதாயிற்று. இக்காலத்துத் தீர்ப்புகள் மது உற்பத்தியிலிருந்து வந்ததா, இறுதிப் பொருளில் எவ்வளவு எஞ்சுகிறது என்ற இரு கேள்விகளாக இதைச் சுருக்கிக்கொண்டன; இந்தோனேசிய மன்றத்தின் 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பு பானத்தில் 0.5 விழுக்காட்டை எல்லையாக வைக்கிறது. எத்தனாலை முற்றாகத் தவிர்க்க விரும்புவோர், 31 பாகைக்கு மேல் வளிமண்டல அழுத்தத்தைப் போல் 73 மடங்குக்கு மேலான அழுத்தத்தில் வளியாகவும் நீர்மமாகவும் ஒருங்கே நடந்துகொள்ளும் கார்பன் டை ஆக்சைடைப் பயன்படுத்துகின்றனர். அழுத்தத்தைத் தளர்த்தியதும் அது பறந்துவிட, நிறமி மட்டும் நிற்கும். ஆனால் விளைச்சலைக் கூட்ட அதனோடும் துணைக்கரைப்பானாகச் சிறிது எத்தனால் சேர்ப்பது வழக்கம். 'கார்பன் டை ஆக்சைடு முறை' என்று எழுதியிருப்பதைக் கண்டு தணிக்கையாளர் அடுத்த தாளைப் புரட்டிவிடக் கூடாது.

குர்ஆன் ஹலால் என்பதோடு தய்யிப் என்ற சொல்லையும் சேர்த்தே சொல்கிறது. தூயது, உடலுக்கு நல்லது என்பது அதன் பொருள். சான்று வணிகம் முதற்சொல்லைப் பற்றிக்கொண்டு இரண்டாவதைப் பல நேரம் நழுவவிடுகிறது. திறந்த தொட்டியில் நச்சு நீலப்பசும்பாசி கலந்தால் ஈரலைக் கெடுக்கும் மைக்ரோசிஸ்டின் வரும். நீரில் ஈயமும் ஆர்செனிக்கும் இருந்தால் பாசி அவற்றைத் தன்னுள் இழுத்துக்கொள்ளும். ஸ்பைருலினாவில் வைட்டமின் பி12 நிறைய உண்டு என்று விற்போர் பலர். அதில் பெரும்பகுதி மனித உடல் பயன்படுத்த முடியாத போலி வடிவம். பீட்டா கரோட்டின் புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பிப் பின்லாந்தில் 29,133 புகைபிடிக்கும் ஆண்களிடம் நடத்திய ஆய்வு 1994இல் வெளியானபோது, நாளுக்கு 20 மில்லிகிராம் உண்டவர்களிடம் நுரையீரல் புற்று 18 விழுக்காடு கூடியிருந்தது. அது பாசியிலிருந்து எடுத்ததன்று, செயற்கையானது என்று வாதிடலாம். ஆனால் புகைபிடிப்போருக்குப் பாசிக் கரோட்டினை விற்கும் உரிமையை அவ்வாதம் தந்துவிடாது. அஸ்டாசாந்தினுக்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் வயது வந்தோருக்கு நாளொன்றுக்கு 8 மில்லிகிராம் பாதுகாப்பானது என்றது; பாதுகாப்பானது என்பது பயனுள்ளது என்பதாகாது.

சான்று தருவோர் யார் என்பதும் தெளிவாக வேண்டும். இந்திய அரசு 2023இல் வகுத்த ஹலால் ஏற்றுமதி நெறி இறைச்சிக்கும் இறைச்சிப் பொருள்களுக்கும் மட்டும் உரியது. நிறமி போன்ற மூலப்பொருள்களுக்குத் தனியார் சான்று அமைப்புகளே கையொப்பமிடுகின்றன, அவற்றை இறக்குமதி நாடு ஏற்க வேண்டும். இந்தோனேசியா 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி உணவுக்கு ஹலால் சான்றைக் கட்டாயமாக்கி, 2024 அக்டோபர் முதல் பெரிய, நடுத்தர நிறுவனங்களிடம் அதை நடைமுறைப்படுத்தத் தொடங்கிய பின், மூலப்பொருள் விற்பவரும் தப்ப முடிவதில்லை. திருவனந்தபுரம் பாப்பனங்கோட்டில் 1975 முதல் இயங்கிவரும் மத்திய அரசின் ஆய்வகம், இன்று தேசியப் பல்துறை அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் என்ற பெயரில் இருப்பது, நறுமணப் பொருள்களிலிருந்தும் எண்ணெய்ப்பனையிலிருந்தும் சாறு பிரிக்கும் முறைகளில் நெடிய பட்டறிவு உடையது. இஞ்சிச்சாற்றுக்கும் பாசிச்சாற்றுக்கும் கருவிகள் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே இந்நகரில் குறைவது கருவி அன்று, கரைப்பானையும், நிறமியைப் பொதிந்து வைக்கும் தாங்குபொருளையும் தொடக்கத்திலேயே சட்டவியலாரோடு அமர்ந்து தேர்ந்துகொள்ளும் பழக்கமே.

தாங்குபொருளில்தான் சான்றுக் கோப்பு பெரும்பாலும் தடுக்கி விழுகிறது. கரோட்டினாய்டுகள் காற்றும் ஒளியும் பட்டால் வெளிறிப்போகும் என்பதால் அவற்றை நுண்துளிகளாக்கி ஜெலட்டினில் பொதிந்து மணிகளாக்குவதும், எண்ணெயாக இருந்தால் ஜெலட்டின் மென்னுறையில் அடைப்பதும் தொழில் வழக்கம். ஜெலட்டின் விலங்கின் தோலையும் எலும்பையும் வேகவைத்து எடுப்பது. பன்றியாக இருக்கலாம், மாடாக இருக்கலாம், மீனாகவும் இருக்கலாம், பொடியைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு பொருள் முற்றிலும் வேறொன்றாக உருமாறினால் பழைய விலக்கு நீங்கும் என்ற இஸ்திஹாலாக் கொள்கையை ஹனஃபி மரபு விரிவாக ஏற்கிறது, எனினும் ஜெலட்டின் அப்படி உருமாறியதா என்பதில் அம்மரபினர்க்குள்ளேயே உடன்பாடில்லை. மது தானாகக் காடியாவது போன்ற சிலவற்றோடு ஷாஃபிஈ மரபு அக்கொள்கையை நிறுத்திக்கொள்கிறது. பாசியின் நிறத்தைப் பாசியின் கூழிலேயே பொதிந்துவிட்டால் வழக்கே இல்லை. கடற்பாசிகளிலிருந்து எடுக்கும் கராஜீனன் என்னும் கூழ்ப்பொருளை மாவுப்பொருளோடு சேர்த்து மென்னுறை செய்யும் முறை நடைமுறையில் உள்ளது. மண்டபம், பாம்பன் கடலில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் மூங்கில் தெப்பங்களில் கட்டி வளர்க்கும் காப்பாஃபைகஸ் தருவதும் கராஜீனன்தான். ஆனால் அது தருவது கெட்டியாக உறைந்து நொறுங்கும் காப்பா வகை; மென்னுறைக்கு வேண்டியது அழுத்தினால் வளைந்துகொடுக்கும் அயோட்டா வகை, அதைத் தருவது யூக்கியூமா என்னும் வேறோர் இனம்.